பத்தாண்டுகள், 24 கோடி டாலர்: ஆல்பர்ட் புஹோல்ஸ் ஒப்பந்தத்தை மதிப்பிடுவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலில் நட்சத்திர வீரர்களுக்குத் தரப்படும் நீண்டகால ஒப்பந்தங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், தவறான ஒப்பந்தத்துக்கு எடுத்துக்காட்டாக முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று மட்டையாளர் ஆல்பர்ட் புஹோல்ஸ். கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரைத் தாயகமாகக் கொண்ட ஏஞ்சல்ஸ் அணி, 2011 டிசம்பரில் அவரைப் பத்தாண்டுகளுக்கு 24 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அது தவறான ஒப்பந்தம்தான் என்பதே இந்தப் பக்கத்தை எழுதுபவரின் கருத்தும். ஆனால் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அதாவது கடைசி ஆண்டுகளின் பெருஞ்சம்பளம், போதாது.

ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் பேரம் பேசும் உரிமை பெற்றவர்) ஆகும் வீரர்கள் ஏன் பெரும்பாலும் முப்பது வயதை நெருங்கியவர்களாகவே இருக்கிறார்கள்?

1975 வரை ஓர் அணியில் கையெழுத்திட்ட வீரர், அந்த அணி விடுவிக்கும்வரை வேறெங்கும் செல்ல இயலாது. ஒப்பந்தம் முடிந்தாலும் அவரை மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளும் உரிமை அணிக்கு இருந்தது. அந்த ஓராண்டு என்பது ஒரே ஒருமுறைக்கு மட்டுமே பொருந்தும் என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் அவ்வாண்டு டிசம்பரில் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி ஆகிய இரு பிட்சர்களின் (பந்தெறிபவர்களின்) வழக்கில் தீர்ப்பளித்தார். அதன்பின் உருவான ஏற்பாட்டின்படி, அமெரிக்காவின் உயர்நிலை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் ஆறாண்டுப் பணியை முடித்த வீரர், ஒப்பந்தம் ஏதுமில்லாவிட்டால், எந்த அணியோடும் பேரம் பேசலாம். பெரும்பாலானோருக்கு முதல் மூன்றாண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கழிகின்றன. அடுத்த மூன்றாண்டுகளில் நடுவர் மன்றத்தின் வழியாகச் சம்பளம் ஓரளவு உயர்கிறது. ஆகவே, ஒரு வீரர் தம் இளமையின் சிறந்த ஆண்டுகளைக் குறைந்த கூலிக்கு ஆடிக் கழித்துவிட்டு, உடல் தளரத் தொடங்கும் வேளையில்தான் சந்தைக்கு வருகிறார். புஹோல்ஸ் இன்னும் தாமதமாக வந்தார். 2004-ல் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியோடு ஏழாண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தார். எட்டாவது ஆண்டுக்கும் நீட்டிக்கும் உரிமை அணியிடம் இருந்தது. அது முடிந்தபோது அவருக்கு வயது 31.

ஐபிஎல் ஏலத்தில் இருப்பதுபோல அணிகளுக்குச் செலவு உச்சவரம்பு கிடையாதா?

கிடையாது. ஐபிஎல்லில் 2025-க்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் என்று வரம்பு இருந்தது. அதற்கு மேல் ஏலம் கேட்கவே முடியாது. மேஜர் லீக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம், ஆனால் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்டவேண்டும். 2025-ல் அந்த வரம்பு 24.1 கோடி டாலர். முதல்முறை தாண்டும் அணி மிகைத்தொகையில் 20 சதவீதமும், தொடர்ந்து இரண்டாம் முறை தாண்டினால் 30 சதவீதமும், மூன்றாம் முறையிலிருந்து 50 சதவீதமும் செலுத்துகிறது. மிகப் பெரிய தொகையில் தாண்டுவோருக்குக் கூடுதல் வரி தனி.

இந்த வரிக்கணக்கில் அவ்வாண்டு உண்மையில் தரப்பட்ட சம்பளம் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்துக் கிடைக்கும் சராசரியே கணக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பல விடைகள் எளிதில் விளங்கும்.

புஹோல்ஸ் ஒப்பந்தத்தில் என்னென்ன இருந்தன?

சம்பளம் ஏறுவரிசையில் அமைக்கப்பட்டது: 2012-ல் 1.2 கோடி டாலர், 2013-ல் 1.6 கோடி, 2014-ல் 2.3 கோடி, அதன்பின் ஆண்டுதோறும் பத்து லட்சம் கூடி, 2021-ல் 3 கோடி. அதாவது முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து 2.8 கோடியும், கடைசி மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் 8.7 கோடியும். அவருடைய சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்ற இயலாது என்னும் உரிமையும் இருந்தது. 3,000 ஹிட்களை (பந்தை அடித்து, ஓட்டத்தின் முதல் நிலையான பேஸையாவது எட்டுவது ஒரு ஹிட்) எட்டினால் 30 லட்சம் டாலர், பாரி பாண்ட்ஸின் சாதனையைக் கடந்து 763 ஹோம் ரன்களை (பந்தை எல்லைக்கு அப்பால் அடிப்பவை) எட்டினால் 70 லட்சம் டாலர் என ஊக்கத்தொகைகளும் சேர்க்கப்பட்டன. ஓய்வுக்குப் பின் பத்தாண்டுகள் அணியின் பணிகளில் ஈடுபடுவதற்கு 1 கோடி டாலருக்கான தனி ஒப்பந்தமும் உண்டு.

இவற்றில் சம்பளம் முழுவதும் உறுதியளிக்கப்பட்ட தொகை. அமெரிக்கக் கால்பந்தில் நடப்பதைப்போல ஆளை நீக்கிவிட்டு மீதிப் பணத்தை நிறுத்திக்கொள்ள முடியாது.

32 வயதில் ஆடத் தொடங்குபவருக்கு 41 வயதுவரை ஒப்பந்தம் தந்தது ஏன்? அவர் அத்தனை ஆண்டுகள் நன்றாக ஆடுவார் என்று நிர்வாகம் நம்பியதா?

நம்பியிருக்க வாய்ப்பில்லை. நீண்டகால ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுகள் பெரும்பாலும் முதல் ஆண்டுகளின் விலையைத் தவணையாகக் கட்டும் ஆண்டுகளே. ஒரு வீரரின் முதல் ஆறு ஆண்டு ஆட்டத்துக்கு 20 கோடி டாலர் தரலாம் என்று அணி கருதினால், அதை ஆறு ஆண்டுகளில் கொடுத்தால் வரிக்கணக்கில் ஆண்டுக்கு 3.3 கோடி ஏறும். பத்தாண்டுகளில் கொடுத்தால் 2 கோடிதான். 2012-ல் ஆடம்பர வரி வரம்பு 17.8 கோடி டாலராக இருந்ததால், புஹோல்ஸின் 2.4 கோடி சராசரி அதில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. இந்த இடத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு மற்ற வீரர்களுக்கு வழி கிடைக்கும்.

போட்டியும் ஒரு காரணம். கார்டினல்ஸும் மயாமி மார்லின்ஸும் பத்தாண்டு அளவிலேயே பேசிக்கொண்டிருந்ததாகவும், கார்டினல்ஸ் ஏறத்தாழ 21 கோடிவரை வந்ததாகவும் அப்போது செய்திகள் வெளியாயின.

ஒரு வீரருக்கான நியாய விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சுமாரான ஒரு மாற்று வீரரை அந்த இடத்தில் நிறுத்தினால் கிடைப்பதைவிட, இவர் ஆண்டுக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தருவார் என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். 'வார்' என்று சொல்லப்படும் அளவீடு இதுதான். அடுத்து, சந்தையில் அத்தகைய ஒரு வெற்றிக்கு அணிகள் சராசரியாக என்ன விலை தருகின்றன என்று பார்க்கிறார்கள். 2011 வாக்கில் அது ஏறத்தாழ 50 லட்சம் டாலர். மூன்றாவதாக, முப்பது வயதுக்கு மேல் ஒரு வீரர் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை வெற்றி வீதம் தேய்வார் என்று கொள்வது வழக்கம்.

இதைப் புஹோல்ஸுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2011-ல் அவருடைய பங்களிப்பு ஐந்து வெற்றிகளைச் சற்றே தாண்டியிருந்தது. 2012-ல் ஐந்து, பிறகு ஆண்டுக்கு அரை குறைந்து 2021-ல் அரை என்று வைத்தால் பத்தாண்டுகளில் 27.5 வெற்றிகள் வருகின்றன. வெற்றியின் விலை ஆண்டுக்கு 5 சதவீதம் உயரும் என்று தாராளமாகவே வைத்தாலும், அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 16 கோடி டாலர்தான். 24 கோடியை நியாயப்படுத்த வேண்டுமானால் முதல் ஆண்டில் அவர் 6.3 வெற்றிகளாவது தந்திருக்க வேண்டும். அதாவது 32 வயதில், அதற்கு முந்தைய ஆண்டைவிட நன்றாக ஆடியிருக்க வேண்டும். கையெழுத்திட்ட நாளிலேயே கைக்கு எட்டிய கணக்கு இது. எனவே, "யாருக்குத் தெரியும் இப்படி ஆகும் என்று" என்ற சமாதானத்தை ஏற்பதற்கில்லை.

ஆனால் அவர் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த மட்டையாளர் அல்லவா? பொதுச் சராசரியை அவருக்குப் பொருத்துவது சரியா?

நியாயமான ஐயம். பதினொரு ஆண்டுகளில் 445 ஹோம் ரன்கள், .328 என்ற மட்டைச் சராசரி (மட்டை வாய்ப்புகளில் ஹிட்டாக முடிந்தவற்றின் விகிதம்), மூன்று எம்விபி (சிறந்த வீரர்) விருதுகள், இரண்டு வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) பட்டங்கள் என்று கார்டினல்ஸில் அவர் செய்தது அசாதாரணமானது. அப்படிப்பட்டவர் மற்றவர்களைவிட மெதுவாகத் தேய்வார் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

ஆனால் தேய்மானம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 2009-ல் 47 ஹோம் ரன்கள், 2010-ல் 42, 2011-ல் 37. மட்டைச் சராசரி .327, .312, .299. எல்லாவற்றையும்விட, பந்தைத் தேர்ந்து விடும் பொறுமையைக் காட்டும் 'வாக்' (நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸைப் பெறுவது) எண்ணிக்கை 115, 103, 61 என்று சரிந்தது. ஹோம் ரன்கள் குறைவதற்கு அதிர்ஷ்டமின்மை காரணமாக இருக்கலாம். ஒரே ஆண்டில் 103-லிருந்து 61-க்கு 'வாக்' குறைவது எளிதில் தற்செயலாக நேர்வதன்று. 2011 ஜூனில் அவருக்கு மணிக்கட்டுப் பகுதியில் எலும்பு முறிவு ஏற்பட்டதும் இதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்பது உண்மை. எனினும் பேரம் நடந்த வாரங்களில் எல்லோர் கண்ணிலும் நின்றது அவ்வாண்டு வேர்ல்ட் சீரிஸின் மூன்றாம் ஆட்டத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக அவர் அடித்த மூன்று ஹோம் ரன்கள். அக்டோபர் மாதத்து ஒரே இரவு டிசம்பர் மாதத்து விலையை உயர்த்துவது பேஸ்பாலில் இது முதல்முறையும் அல்ல, கடைசிமுறையும் அல்ல.

வெற்றிகளை மட்டுமே எண்ணுவது போதுமா? டிக்கெட், தொலைக்காட்சி வருமானம் எல்லாம் கணக்கில் வராதா?

வரவேண்டும்தான். ஏஞ்சல்ஸ் உரிமையாளர் ஆர்ட்டே மொரேனோ அந்நேரத்தில் ஃபாக்ஸ் நிறுவனத்துடன் நீண்டகால ஒளிபரப்பு ஒப்பந்தத்தையும் செய்தார். இருபதாண்டுகளுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் கூறின. அந்தப் பணத்தோடு ஒப்பிட்டால் புஹோல்ஸின் சம்பளம் சுமையே அல்ல.

ஆனால் அந்த வருமானத்தைப் புஹோல்ஸ் கொண்டுவந்தார் என்று சொல்வது வேறு. டிக்கெட் விற்பனையைப் பாருங்கள்: 2003 முதலே அந்த மைதானத்துக்கு ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள் வந்துகொண்டிருந்தனர். புஹோல்ஸ் வந்த 2012-ல் அந்த எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறையவே செய்தது. ஏற்கெனவே நிறைந்த அரங்கை ஒரு நட்சத்திரம் இன்னும் எவ்வளவு நிரப்ப முடியும்?

ஒப்பந்த காலத்தில் அவர் உண்மையில் எப்படி ஆடினார்?

2012-ல் முதல் ஹோம் ரன்னை அடிக்கவே மே 6 ஆகிவிட்டது. எனினும் ஆண்டு முடிவில் 30 ஹோம் ரன்களும் 105 ஆர்பிஐகளும் (அவருடைய மட்டையால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள்) வந்தன. 2013-ல் பாதத்தசை நாண் அழற்சியால் 99 ஆட்டங்களோடு நின்றார். 2015-ல் 40 ஹோம் ரன்கள், ஆனால் மட்டைச் சராசரி .244. ஏஞ்சல்ஸுக்காக அடித்த ஹோம் ரன்கள் மொத்தம் 222. 2018 மே மாதம் 3,000-வது ஹிட்டை அடித்தார். 2021 மே 6 அன்று அணி அவரைத் தன் வீரர் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வாண்டுச் சம்பளத்தின் மீதியை ஏஞ்சல்ஸே கட்ட, அவரை எடுத்த டாட்ஜர்ஸ் குறைந்தபட்சச் சம்பளத்தின் ஒரு பகுதியை மட்டும் செலுத்தியது.

மொத்தப் பங்களிப்பு ஏறத்தாழ 13 வெற்றிகள். மேலே எதிர்பார்த்த 27.5-இல் பாதியும் இல்லை. கிட்டத்தட்ட முழுவதும் முதல் ஐந்து ஆண்டுகளில் வந்தவை. அந்தக் காலம் முழுவதிலும் அணி பிளே-ஆஃப் சென்றது 2014-ல் ஒரே ஒருமுறை. 98 வெற்றிகளோடு உள்ளே நுழைந்து, கான்சஸ் சிட்டி ராயல்ஸிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

கடைசி நான்கைந்து ஆண்டுகளின் பெருஞ்சம்பளம்தானே அணியை முடக்கியது?

பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தை எழுதுபவர் மாறுபடுவது இங்கேதான். கடைசி ஆண்டுகளின் சம்பளம் 2011-லேயே செலவான பணம். அது திரும்பி வராது என்பது கையெழுத்திட்ட கணமே முடிவாகிவிட்டது. ஆனால் களத்தில் ஆடும் வாய்ப்பு அப்படியன்று. அது ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்கப்படுவது.

2017-ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு புஹோல்ஸ் 149 ஆட்டங்களில் ஆடினார். மட்டைச் சராசரி .241, பேஸை எட்டிய விகிதம்.286. பங்களிப்பு ஏறத்தாழ இரண்டு வெற்றிகள் அளவுக்குச் சுழிக்குக் கீழே, அதாவது சிற்றணிகளிலிருந்து யாரோ ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தால் அணிக்கு இரண்டு வெற்றிகள் மிச்சம். ஆனால் 101 ஆர்பிஐகள் கணக்கில் இருந்ததால் பார்ப்பவர்க்கு அது தெரியவில்லை. அதே அணியின் மைக் ட்ரவுட் போன்ற ஒருவர் முன்னால் பேஸை எட்டிக்கொண்டே இருக்கும்போது, பின்னால் வருபவருக்கு ஆர்பிஐ சேராமல் போகாது. சம்பளம் பெரிது என்பதற்காகவே மட்டைவரிசையின் நடுவில் நிறுத்தப்பட்டவர், அந்தச் சம்பளத்தால் ஏற்பட்ட இழப்பின்மேல் இன்னோர் இழப்பைச் சேர்த்தார். இதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது; வரிசையை எழுதியது அவரல்லர்.

வேறுவழி இருந்ததா என்றால், இருந்தது. பிற அணிகள் அதைச் செய்தும் காட்டின. டாட்ஜர்ஸ் அவரைப் பெரும்பாலும் இடக்கை பிட்சர்களுக்கு எதிராகவே பயன்படுத்தியது. 2022-ல் 25 லட்சம் டாலருக்குக் கார்டினல்ஸுக்குத் திரும்பியபோதும் அதே முறைதான். 42 வயதில் 24 ஹோம் ரன்கள் அடித்து, செப்டம்பர் 23 அன்று 700-ஐத் தொட்டு, 703-இல் ஓய்வுபெற்றார்.

இன்னொரு பெரிய இழப்பும் உண்டு. ட்ரவுட் 2013-ல் வெறும் 5,10,000 டாலருக்கும், 2014-ல் 10 லட்சம் டாலருக்கும் ஆடிக்கொண்டிருந்தார். லீக்கின் தலைசிறந்த வீரர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் காலம் ஓர் அணிக்கு எப்போதோ ஒருமுறைதான் வாய்க்கும். மிச்சமான அந்தப் பணத்தைப் பல இடங்களில் பரப்பி, குறிப்பாகப் பிட்சர்களைச் சேர்த்திருக்கலாம். புஹோல்ஸோடு அதே நாளில் பிட்சர் சி.ஜே. வில்சனை எடுத்தது சரி. ஆனால் அடுத்த ஆண்டே, 31 வயது ஜாஷ் ஹாமில்டனுக்கு ஐந்தாண்டுகளுக்கு 12.5 கோடி டாலர் கொடுத்து, அதே தவற்றைச் சிறிய அளவில் மீண்டும் செய்தார்கள்.

அவரை இழந்த கார்டினல்ஸ் என்ன ஆனது?

அவரை விட்டதற்கு ஈடாகக் கிடைத்த, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகளில் மைக்கேல் வாக்காவையும் ஸ்டீபன் பிஸ்காட்டியையும் தேர்ந்தெடுத்தார்கள். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் 2013 இறுதித் தொடரில் வாக்கா எம்விபி ஆனார். அவ்வாண்டு அணி வேர்ல்ட் சீரிஸ்வரை சென்றது. 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்காண்டுகள் பிளே-ஆஃப். கார்லோஸ் பெல்ட்ரானை இரண்டாண்டுகளுக்கு 2.6 கோடிக்கு எடுத்ததே அவர்களுடைய பெரிய மாற்றுச் செலவு.

அப்படியானால் நீண்டகால ஒப்பந்தம் எதையுமே செய்யக்கூடாதா?

அப்படியில்லை. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2015-ல் மேக்ஸ் ஷெர்சருக்கு ஏழாண்டுகளுக்கு 21 கோடி தந்தது. அதில் பாதியை ஒப்பந்தம் முடிந்தபின் தருவதாக ஏற்பாடு. அவர் இரண்டு சை யங் (ஆண்டின் சிறந்த பிட்சருக்கான) விருதுகளைப் பெற்றார், அணி 2019-ல் பட்டம் வென்றது. பிலடெல்பியா பிரைஸ் ஹார்ப்பரை 2019-ல் பதின்மூன்று ஆண்டுகளுக்கு 33 கோடிக்கு எடுத்தது; ஆண்டுச் சராசரி 2.54 கோடிதான், அப்போது அவருக்கு வயது 26.

மறுபக்கம், அதே நேஷனல்ஸ் 2019 பட்டத்தின் சூட்டிலேயே ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு ஏழாண்டுகளுக்கு 24.5 கோடி தந்தது. காயங்களால் அவர் அதன்பின் எட்டு ஆட்டங்களில் மட்டுமே பந்தெறிந்தார். ஒரே நிர்வாகம் ஒன்றில் வென்று மற்றொன்றில் இவ்வளவு தோற்றது என்றால், நற்பேறும் இதில் சிறிதளவு இருக்கிறது. ஆனால் ஸ்ட்ராஸ்பர்கின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டிருக்க முடியாது. புஹோல்ஸின் முடிவை முடிந்திருக்கும். இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் போடுவது சரியல்ல.

2011-இல் அவருக்கு எந்த விலை சரியாக இருந்திருக்கும்?

ஆறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 14 கோடி, தாராளமாகப் போனால் 16. அந்த விலைக்கு அவர் கையெழுத்திட்டிருக்க மாட்டார். ஆகவே சரியான முடிவு, வேறோர் அணி அவரை எடுத்துக்கொள்ள விடுவதுதான்.

ஓஹ்தானி, சோட்டோ ஒப்பந்தங்களையும் இதே கணக்கில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் இரண்டின் வடிவமும் வேறு. ஷோஹெய் ஓஹ்தானிக்கு டாட்ஜர்ஸ் 2023-ல் அறிவித்த 70 கோடி டாலரில் 68 கோடி, 2034-க்கும் 2043-க்கும் இடையில் வட்டியின்றித் தரப்படுவது. ஆடும் காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் மட்டுமே. அதனால் வரிக்கணக்கில் அவருடைய ஆண்டு மதிப்பு 7 கோடியாக அல்லாமல் ஏறத்தாழ 4.6 கோடியாகவே கொள்ளப்படுகிறது. தலைப்புச் செய்தியில் வரும் எண்ணை மட்டும் பார்த்து வியப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் 2024 டிசம்பரில் தந்த பதினைந்தாண்டு, 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தள்ளிவைக்கப்பட்ட தொகை எதுவுமில்லை. இறுதி ஆண்டில் அவருக்கு வயது 40. அந்த அளவில் இது புஹோல்ஸ் ஒப்பந்தத்தை ஒத்தது. ஆனால் தொடக்கத்தில் அவருக்கு வயது 26 என்பதால், உச்சகட்ட ஆண்டுகள் பலவும் ஒப்பந்தத்துக்குள்ளேயே அடங்குகின்றன. 2029 முடிந்ததும் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீண்டும் சந்தைக்கு வரலாம். அதை மெட்ஸ் தடுக்க வேண்டுமானால், மீதமுள்ள பத்தாண்டுகளுக்கும் ஆண்டுக்கு 40 லட்சம் கூட்டித் தந்து, மொத்தத்தை 80.5 கோடியாக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 31 ஆகியிருக்கும். 2011-ல் புஹோல்ஸுக்கு இருந்த அதே வயது.